பனிக்கால ஓய்வு: இடமும் காலமும் மாறிய வரலாறு

காலமறிதல், இடனறிதல் என்னும் இரண்டு அதிகாரங்களைத் திருவள்ளுவர் அடுத்தடுத்து அமைத்துள்ளார். அவை வினைமேற் செல்லும் வேந்தனை நோக்கியவை. வினையினின்றும் சிறிது விலகி இளைப்பாற விரும்புவோனுக்கும் அவ்விரு அறிவும் வேண்டும். பனிக்காலத்தில் எங்கே செல்வது, எப்பொழுது செல்வது என்னும் வினா இன்று பொழுதுபோக்கு நாடுவோரின் வினாவாகவே தோன்றும். ஆயின், ஐரோப்பாவில் இவ்வினா முதன்முதல் இன்பத்தை நாடி எழுந்ததன்று. உயிரைக் காத்துக்கொள்ளும் ஆசையால் எழுந்தது.

வட ஐரோப்பாவின் கூதிர்காலம் நம் நாட்டு மக்கள் எளிதில் எண்ணிப் பார்க்கக் கூடியதன்று. டிசெம்பர் மாதக் கடைசியில் இலண்டன் நகரில் பகற்பொழுது எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. பிற்பகல் நான்கு மணிக்கு முன்னரே ஞாயிறு மறைந்துவிடும். பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் அவ்விருளோடு நிலக்கரிப் புகையும் சேர்ந்துகொண்டது. அப்புகைக்கும் ஈரத்துக்குமிடையே கயரோகம் எல்லா வகுப்பினரையும் பற்றி வருத்தியது. அதற்கு மருந்து இல்லை. வைத்தியர்கள் சொல்லக்கூடியதாக இருந்தது ஒன்றே: “பனிக்காலம் வருமுன் தெற்கே செல்லுங்கள்.” அவ்வாறு செல்லப் பணம் படைத்தோர் சிலர், இல்லாதோர் பலர். இவ்வேற்றுமையை நினைவிற் கொண்டே இவ்வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

தெற்கே என்றால் எங்கே? மத்தியதரைக் கடலின் வடகரையில், இத்தாலிய எல்லைக்கு அண்மையில், நீஸ் என்னும் நகர் இருக்கின்றது. அதன் பின்னே அல்ப்ஸ் மலைத்தொடரின் கிளைகள் எழுந்து வடகாற்றைத் தடுக்கின்றன. முன்னே கடல் கோடையிற் பெற்ற வெம்மையைப் பனிக்காலத்தில் மெல்ல மெல்ல விடுகின்றது. ஆதலால், இலண்டன் உறைந்து கிடக்கும் யனவரியிலும் அங்கே தோடையும் எலுமிச்சையும் காய்த்து நிற்கும். இயற்கை அமைத்த இந்த அரணே அக்கரையின் செல்வமாயிற்று.

தொபையாஸ் ஸ்மொலெற் என்னும் எழுத்தாளர் 1763 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நீஸ் நகரை அடைந்தார். வைத்தியத் தொழிலும் பயின்றவர் அவர். அவ்வாண்டிலேயே தம் ஒரே மகளைப் பதினைந்து வயதில் இழந்தவர். தாமும் நெஞ்சு நோயால் வருந்தியவர். அவர் அங்கே தங்கியிருந்த காலத்தில் வானிலையைக் குறித்து வைத்தார். மே மாதத்தில் கடலில் இறங்கி நீராடினார். இவ்வாறு நீராடுவதால் அவர் இறந்துபடுவார் என்று அவ்வூரார் அஞ்சினர்; அவரோ முன்னிலும் நலமுற்றார். 1766 இல் வெளிவந்த அவருடைய பயண நூல் அவ்வூர் மக்களைக் கடுமையாகக் குறை கூறியது. எனினும் அவ்வூர்க் காற்றைப் பற்றி அவர் எழுதியதை ஆங்கிலேயர் மறக்கவில்லை. ஆண்டுதோறும் சில குடும்பங்கள் குதிரை வண்டிகளில் பல நாட் பயணஞ் செய்து அங்கே வரலாயின.

வந்தவர்களுக்கும் அவ்வூரவர்க்குமிடையே நிலவிய உறவுக்குச் சான்றாக ஒரு தெரு இன்றும் இருக்கின்றது. 1820களின் தொடக்கத்தில் வந்த கடுங்குளிரினால் நீஸ் நகரின் தோடை மரங்கள் பட்டுப்போயின. தொழிலிழந்த வறியோர் நகரிற் குழுமினர். அங்கே பனிக்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்த லூயிஸ் வே என்னும் ஆங்கிலப் பாதிரியாரின் முயற்சியால் பணந்திரட்டி, அவ்வறியோரைக் கூலிக்கு அமர்த்திக் கடலோரமாக ஒரு பாதை அமைத்தனர். வறியோருக்கு அது கஞ்சி. செல்வருக்கு அது உலாவும் வழி. அன்று சிறு நடைபாதையாய் இருந்த அதுவே பின்னர் அகன்று, ‘ஆங்கிலேயர் உலாவீதி’ எனப் பொருள்படும் பெயரோடு உலகப் புகழ் பெற்றது.

நீஸ் நகருக்கு மேற்கே உள்ள கான் நகரின் கதை இன்னும் வியப்புக்குரியது. 1834 ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் நீதித்துறைத் தலைவராயிருந்து அண்மையிற் பதவி நீங்கிய புரூம் பிரபு, நோயுற்ற தம் மகளோடு இத்தாலி நோக்கிச் சென்றுகொண்டிருந்தார். அக்காலத்தில் வாந்திபேதி பரவியிருந்தமையால் எல்லை அடைக்கப்பட்டிருந்தது. திரும்பி வந்த பிரபு, வழியிலே கான் என்னும் சிறு மீன்பிடி ஊரில் தங்க நேர்ந்தது. ஊர் அவருள்ளத்தைக் கவர்ந்தது. அங்கே நிலம் வாங்கி மாளிகை எழுப்பி, அதற்கு மகளின் பெயரையே இட்டார். மகள் 1839 இல் இறந்தாள். தந்தையோ ஆண்டுதோறும் அங்கே வந்து, 1868 இல் அங்கேயே உயிர் நீத்தார். அவர் கட்டியதைக் கண்டு ஏனைய பிரபுக்களும் கட்டினர். மீனவர் ஊர் மாளிகைகளின் ஊராயிற்று. நோய் தடுக்க இட்ட ஒரு தடை, ஒரு நகரின் தலைவிதியை மாற்றியது.

இவ்வாறே மாந்தோன் என்னும் ஊருக்கு 1859 இல் யேம்ஸ் ஹென்றி பென்னற் என்னும் ஆங்கில வைத்தியர் வந்தார். அமைதியான ஒரு மூலையில் இறந்துபோவோம் என்று எண்ணியே வந்தார், ஆனால் பிழைத்துக்கொண்டார். 1861 இல் அவர் எழுதிய நூல், பனிக்காலத்துக்கு ஏற்ற இடம் மாந்தோன் என்று கூறி நோயாளரை அழைத்தது. அழைப்பை ஏற்று வந்த எல்லோரும் அவரைப் போலப் பிழைக்கவில்லை. கடலை நோக்கிய குன்றின்மேல் அவ்வூர்ப் பழைய இடுகாடு இருக்கின்றது. அங்குள்ள கற்களில் வட நாட்டு இளைஞர் பலரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ‘புதையல் தீவு’ எழுதிய றொபேட் லூயி ஸ்ரீவன்சன் 1873 இல் தம் இருபத்துமூன்றாம் வயதில் மாந்தோனுக்கு அனுப்பப்பட்டார். அழகிய இடத்தில் இருந்தும் நோயால் அவ்வழகை நுகர மாட்டாத மனநிலையை அவர் ஒரு கட்டுரையில் எழுதினார். ஓய்வு என்பது இடத்தினால் மட்டும் வருவதன்று என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

நிலைமையை அடியோடு மாற்றியது புகையிரதம். 1860 இல் நீஸ் பிரான்சோடு இணைந்தது. 1863 இல் கான் நகருக்கும், 1864 இல் நீஸ் நகருக்கும், 1869 இல் மாந்தோனுக்கும் இருப்புப் பாதை எட்டியது. நோயாளரோடு நலமுடையாரும் வரத் தொடங்கினர். மொனாக்கோவில் சூதாட்ட மாளிகை செழித்தது. விக்டோரியா மகாராணியார் 1882 இல் மாந்தோனுக்கு வந்தார். 1895 முதல் 1899 வரை ஆண்டுதோறும் நீஸ் நகருக்கு வந்தார். அரசியார் வருகிறார் என்றால் அமைச்சரும் பிரபுக்களும் செல்வ வணிகரும் பின்தொடர்வர் அன்றோ? எப்பொழுது செல்வது என்பதை முன்னர் வைத்தியர் முடிவு செய்தார். இப்பொழுது நாகரிகம் முடிவு செய்தது. இலையுதிர்காலத்தில் வந்து, இளவேனிலில் மீள்வதே முறையாயிற்று. கோடையில் அக்கரையில் தங்குவது அறிவுடையோர் செயலன்று எனக் கருதப்பட்டது. மே மாதத்தில் பெருவிடுதிகள் கதவடைத்தன.

இதே வேளையில், வெம்மையை நாடுவதே முறை என்னும் கொள்கைக்கு எதிராக மற்றொரு கொள்கை மலைமேல் எழுந்தது. சுவிற்சர்லாந்தில், கடல் மட்டத்துக்கு மேல் 1,500 மீற்றருக்கு அதிகமான உயரத்தில் டாவோஸ் என்னும் பள்ளத்தாக்கு இருக்கின்றது. அங்கே வைத்தியராயிருந்த அலெக்சாண்டர் ஸ்பெங்லர், அவ்வூர் மக்களிடையே கயரோகம் அரிதாயிருப்பதைக் கண்டார். 1865 ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில் ஜெர்மன் நோயாளர் இருவர் உறைபனிக்கிடையே அங்கு வந்து தங்கினர், நலமுற்றனர். அது முதல் நோயாளர் கம்பளி போர்த்து, திறந்த மாடங்களிற் சாய்ந்து, குளிர்ந்த தூய காற்றை உட்கொள்ளும் வழக்கம் பரவியது. முன்பு தெற்கே அனுப்பப்பட்ட ஸ்ரீவன்சன், 1880 இல் இம்மலைக்கு அனுப்பப்பட்டார். ‘புதையல் தீவு’ எழுதி முடிக்கப்பட்டது டாவோஸ் நகரிலேயே. ஒரு மனிதனின் நோய்க்கு ஒரு காலத்தில் வெயிலும் மறு காலத்தில் பனியும் மருந்தெனக் கூறப்பட்டமை, அக்கால வைத்தியத்தின் தடுமாற்றத்தைக் காட்டுகின்றது.

அயலிலுள்ள சென் மொரிட்ஸ் நகரைப் பற்றி வழங்கும் கதை ஒன்று உண்டு. யொகான்னஸ் பட்றுத் என்னும் விடுதிக்காரர், 1864 ஆம் ஆண்டுக் கோடை முடிவில், ஊர் திரும்ப இருந்த ஆங்கில விருந்தினர் சிலரிடம், “பனிக்காலத்திலும் இங்கே வெயில் காயும், வந்து பாருங்கள், பிடிக்காவிட்டால் செலவு என்னுடையது” என்று பந்தயம் கட்டினாராம். வந்தவர்கள் உயிர்த்த ஞாயிறு வரை தங்கி, வெயிலிற் கறுத்த முகத்தோடு ஊர் திரும்பினராம். கதையில் எவ்வளவு மெய் கலந்திருப்பினும், வணிகன் ஒருவனின் துணிவு பயனற்ற காலத்தைப் பயனுள்ள காலமாக மாற்றியது என்பது மெய்.

1882 ஆம் ஆண்டு மார்ச் 24 ஆம் நாள், கயரோகத்துக்குக் காரணமான கிருமியைத் தாம் கண்டதாக றொபேட் கொக் பேர்லின் நகரில் அறிவித்தார். நோய் தொற்றக்கூடியது என்று தெரிந்தவுடன், நோயாளரை வரவேற்ற விடுதிகள் மெல்ல மெல்ல அவர்களுக்குக் கதவடைக்கலாயின. யாருக்காக அவ்வூர்கள் எழுந்தனவோ, அவர்களே அங்கே வேண்டாதவராயினர். வரலாற்றில் இத்தகைய நன்றியின்மை புதிதன்று. மலையூர்களில் நோயாளரின் உறவினரும் நண்பரும் பொழுதுபோக்காகச் சறுக்கி விளையாடிய விளையாட்டுகளே முதன்மை பெற்றன. மனைவியின் நோயின் பொருட்டு டாவோஸ் நகரில் வாழ்ந்த ஆதர் கொனன் டொயில், 1894 இல் பனிச்சறுக்குக் கட்டைகளோடு மலை கடந்து சென்று, அதைப் பற்றி எழுதி ஆங்கிலேயருக்கு அவ்விளையாட்டை அறிமுகஞ் செய்தார். சென் மொரிட்ஸ் நகரில் 1928 இலும் 1948 இலும் குளிர்கால ஒலிம்பிக் விழாக்கள் நடைபெற்றன. 1943 இல் ஸ்ரெப்ரோமைசின் கண்டுபிடிக்கப்பட்ட பின்னர் மலை மருத்துவ நிலையங்கள் வெறுமையாயின. பல, விடுதிகளாக மாறின.

கடற்கரையிலும் காலம் தலைகீழாயிற்று. முதல் உலகப் போருக்குப் பின்னர் வெயில் காய்தலும் கடலில் நீந்துதலும் இளையோரின் விருப்பமாயின. 1923 இல் அந்தீப் முனையில் இருந்த பெருவிடுதி ஒன்று, கோடையிலும் சிறு பகுதியைத் திறந்து வைத்தது. 1931 முதல் அக்கரையின் விடுதிகள் பல கோடையிலும் திறந்திருந்தன. பிறகு 1936 யூன் மாதத்தில் பிரெஞ்சு நாடாளுமன்றம், தொழிலாளர் யாவருக்கும் ஆண்டுக்கு இரு வாரம் சம்பளத்தோடு கூடிய விடுமுறை வழங்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அவ்வாண்டே புகையிரதக் கட்டணத்தில் நூற்றுக்கு 40 வீதம் கழிவும் வழங்கப்பட்டது. பரிசு நகரின் ஆலைத் தொழிலாளர் பலர் தம் வாழ்வில் முதன்முறையாகக் கடலைக் கண்டனர். பிரித்தானியா 1938 இல் இத்தகைய சட்டம் ஒன்றை இயற்றியது. நம் நாட்டிற் கடைகளிலும் அலுவலகங்களிலும் பணிபுரிவோர் விடுமுறைக்கான உரிமையை 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் வகுத்தது. வைத்தியரும் அரசியாரும் விடுதிக்காரரும் தீர்மானித்த காலத்தை, இப்பொழுது சட்டமும் தீர்மானிக்கலாயிற்று. நூற்றாண்டுக் காலம் சிலருக்கே உரியதாயிருந்த ஓய்வு, பலரின் உரிமையாக மலர்ந்த செய்தியே இவ்வரலாற்றின் உயிர்நாடி.

வட நாட்டாரின் பனிக்கால வேட்கை இலங்கையையும் தொடாமலில்லை. இங்கே வாழ்ந்த ஆங்கிலேயர் முதலில் அதற்கு மாறானதை, அதாவது குளிர்ச்சியை, நாடினர். ஆள்பதி பாண்ஸ் 1828 இல் நுவரெலியாவில் இல்லம் அமைத்தார். காய்ச்சலினின்றும் தேற அங்கே சென்ற சாமுவேல் பேக்கர், அக்குளிர் காற்றில் நலமுற்றுப் பின்னர் அங்கேயே குடியேறினார். 1966 இல் சுற்றுலாச் சபை நிறுவப்பட்ட பின்னரோ, வெம்மையை நாடும் ஐரோப்பியர் வான்வழியே பெருவாரியாக வரத் தொடங்கினர். அவர்களுக்கும் இடமும் காலமும் அறிதல் இன்றியமையாதது. ஐரோப்பாவிற் பனி பெய்யும் டிசெம்பர் முதல் மார்ச் வரை, தென்மேற்குக் கரையான பெந்தோட்டையும் ஹிக்கடுவையும் அமைதியான கடலோடு விளங்கும். அக்காலத்தின் முற்பகுதியில் வாடைப் பருவக்காற்று கிழக்குக் கரையில் மழையைப் பொழியும். மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்கில் அலை சீறும். கிழக்கே திருகோணமலையும் பாசிக்குடாவும் தெளிந்திருக்கும். சிறு தீவாயினும் இரு பருவக்காற்றுகள் மாறி மாறி வீசுவதால், ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு கரை அமைதியாயிருப்பது இந்நாட்டின் பேறு.

நீஸ் நகரின் பாதையை அமைத்த கூலியாட்களின் பெயர்கள் அவ்வீதியில் இல்லை. ஒருவர் இளைப்பாறுவதற்கு மற்றொருவர் சமைக்கவும் கூட்டவும் வண்டி ஓட்டவும் வேண்டியிருக்கின்றது. நம் கடற்கரை விடுதிகளில் விருந்தினர் நிறையும் மாதங்களில் அவ்விடத்துப் பணியாளருக்கு ஓய்வு அரிது. அவர்களுக்கும் ஆண்டில் ஒரு காலமும், குடும்பத்தோடு சென்று தங்க ஓர் இடமும் கிடைப்பதே, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்த இம்மாற்றத்தின் நிறைவு ஆகும்.