ஏரியும் பஃபரும்

மானாம்பதிக்காரர்களுக்கு ஏரியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மழை சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். பயிருக்கோ பல மாதம் தண்ணீர் வேண்டும். நடுவில் தேக்கி வைக்க ஓர் இடம் தேவை. கம்ப்யூட்டரிலும் இதே சங்கதிதான். எழுத்துகள் வரும் வேகம் வேறு, அவற்றை எடுத்துக்கொள்ளும் வேகம் வேறு. இடையில் அவற்றைத் தேக்க நினைவகத்தில் ஒதுக்கும் இடத்திற்குப் 'பஃபர்' என்று பெயர்.

ஏரிக்குக் கலங்கல் இல்லாவிட்டால் என்ன ஆகும்? கரை உடையும். சி மொழியில் 'கெட்ஸ்' என்றொரு கட்டளை இருந்தது. இடம் எவ்வளவு என்று பார்க்காமல் வருவதையெல்லாம் கொட்டிக்கொண்டே போகும். 1988 நவம்பர் 2 அன்று கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் வெளியே விட்ட 'புழு' நிரல் நுழைந்த வழிகளில் அதுவும் ஒன்று. 512 எழுத்து கொள்ளும் இடத்துக்கு 536 எழுத்துகளை அனுப்பியது. மிஞ்சியவை பக்கத்து நினைவகத்தில் ஏறி, கம்ப்யூட்டர் அடுத்து எங்கே போக வேண்டும் என்ற குறிப்பையே மாற்றிவிட்டன. ஆயிரக்கணக்கான இயந்திரங்கள் திணறின.

பெல் ஆய்வகத்தில் ஜெர்ரி ஷ்வார்ட்ஸ் சி பிளஸ் பிளஸ் மொழிக்கு அமைத்த 'ஐஓஸ்ட்ரீம்' நூலகம் 1989-இல் வெளிவந்தது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த 'ஸ்டிஆர்ஸ்ட்ரீம்', நாம் கொடுக்கும் இடத்திலேயே எழுதும். இடம் நிறைந்தால் நிறுத்திக்கொண்டு, தவறிவிட்டதாகச் சொல்லும். இடம் கொடுக்காவிட்டால் தானே வாங்கிக்கொள்ளும். ஆனால் எழுதியதைக் கேட்டு வாங்கியதும் அந்த இடம் உறைந்துவிடும். திருப்பி விடுவிப்பது கேட்டவர் பொறுப்பு. பலர் மறந்தார்கள். நினைவகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தூர்ந்துபோனது.

பராமரிப்பது யார் என்ற கேள்விக்கு நம் உத்திரமேரூரில் பதில் கல்லிலேயே இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை, குடவோலை முறையில் ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதியைச் சொல்கின்றன. ஏரிக்குப் பொறுப்பாளிகள் இன்னார் என்று ஊருக்கே தெரியும்.

சி பிளஸ் பிளஸ்காரர்கள் 1998 தரநிலையில் இதற்கு வழி செய்தார்கள். புதிய 'ஸ்ட்ரிங்ஸ்ட்ரீம்' இடத்தைத் தானே வாங்கித் தானே விடுவிக்கும். நமக்கு நகல்தான் கிடைக்கும். பழையது கைவிட வேண்டியவை பட்டியலுக்குப் போனது. ஆனால் சொந்த இடத்தைக் கொடுக்கும் வசதியும் அதோடு போயிற்று. அதை ஒழுங்கான முறையில் 'ஸ்பான்ஸ்ட்ரீம்' என்ற பெயரில் திரும்பக் கொண்டுவந்தது சி பிளஸ் பிளஸ் 23 தரநிலை. இதில் இடம் நம்முடையது, அளவும் நாம் சொல்வது, பொறுப்பும் நம்முடையதே.

'கெட்ஸ்' கட்டளையை சி தரநிலையிலிருந்து நீக்கியது 2011-இல். கரை உடைந்து 23 வருடம் ஆகியிருந்தது.