நாலு கோர் இருந்தால் நாலு மடங்கு வேகமா?

இப்போது கணினி வாங்கப் போனால் "நாலு கோர், எட்டு கோர்" என்கிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு பெட்டிக்கு ஒரே செயலிதான். எட்டுப் பேர் இருந்தால் வேலை எட்டு மடங்கு சீக்கிரம் முடியுமா? இந்தக் கேள்விக்கு வயது அறுபதாகிறது.

1967-ல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த மாநாட்டில் ஜீன் ஆம்டால் இதைப் பேசினார். ஐபிஎம்மின் சிஸ்டம்/360 கணினிகளை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர் அவர். அவர் சொன்னதைக் கல்யாணச் சமையலாகப் பார்க்கலாம். காய் நறுக்கப் பத்துப் பேரைப் போடலாம். சாம்பார் கொதிக்கும் நேரம் குறையாது. 100 நிமிட வேலையில் 5 நிமிடம் பங்கு போட முடியாதது என்றால், ஆயிரம் செயலி போட்டாலும் அந்த 5 நிமிடம் அப்படியே நிற்கும். 20 மடங்குக்கு மேல் வேகம் வராது.

பலரும் இதோடு நம்பிக்கை இழந்தார்கள். 1985-ல் ஆலன் கார்ப் என்பவர், 200 மடங்கு வேகத்தை நிரூபிப்பவருக்கு 100 டாலர் தருவதாகச் சவால் விட்டார். சாண்டியா ஆய்வுக்கூடத்தில் ஜான் கஸ்டாஃப்சன் குழுவினர் 1024 செயலிகள் கொண்ட என்கியூப் கணினியில் 1000 மடங்குக்கு மேல் காட்டினார்கள். எப்படி? ஆட்கள் கூடியபோது பந்தியையும் பெரிதாக்கினார்கள். அதே பழைய அளவுக் கணக்கில் பார்த்தால் கிடைத்தது 500 மடங்குக்குச் சற்று மேல்தான். இரண்டும் உண்மை, அளந்த விதம் வேறு.

2005 வாக்கில் இரட்டைக் கோர் சில்லுகள் வீட்டுக் கணினிக்கும் வந்தன. கடிகார வேகத்தை மேலும் கூட்டினால் சில்லு தாங்க முடியாமல் சூடானதுதான் காரணம். அதோடு அளக்கும் பிரச்சினையும் நம் மேசைக்கு வந்துவிட்டது.

யூனிக்ஸில் 'டைம்' கட்டளை கொடுத்தால், சுவர்க் கடிகார நேரத்தையும் செயலிகள் உழைத்த நேரத்தையும் தனித்தனியே காட்டும். நாலு கோரும் 10 விநாடி ஓடினால் உழைப்பு 40 விநாடி. 'டாப்' கட்டளையில் 400 சதவீதம் என்று வரும். புதிதாகப் பார்ப்பவர்கள் திகைப்பார்கள், கணக்கு சரிதான்.

ஆனால் இந்த எண் 'வேலை நடந்தது' என்று சொல்வதில்லை, 'செயலி சும்மா இல்லை' என்று மட்டுமே சொல்கிறது. ஒரு கோர் இன்னொன்றுக்காகக் காத்திருக்கும்போது "ஆச்சா, ஆச்சா" என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்தாலும் அது உழைப்பாகத்தான் பதிவாகும். நினைவகத்திலிருந்து தரவு வரக் காத்திருப்பதும் அப்படியே.

ஆகவே நான் எப்போதும் சொல்வது இதுதான். அதே வேலையை ஒரு கோரில் ஓட்டுங்கள், பிறகு நாலில் ஓட்டுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். 40 நிமிடம் 16 ஆனால் வேகம் இரண்டரை மடங்கு. நாலு கோரின் பயன் 62.5 சதவீதம். திரையில் 400 சதவீதம் தெரிவதை வைத்து "செயலி போதவில்லை" என்று முடிவு கட்டி, பெரிய எந்திரத்துக்குப் பணம் ஒதுக்கும் அலுவலகங்கள் இந்தச் சோதனையை முதலில் செய்தால் நல்லது. அரை மணி நேர வேலைதான்.