சாப்பாவும் எல்.எம்.ஐ.ஏ.வும்

போன வாரம் டொரொண்டோவில் எங்கள் வங்கிக் கிளைக்கு ஒரு தம்பி வந்தார். கும்பகோணம் பக்கம். முப்பதாயிரம் டாலர் கடன் வேண்டுமாம். எதற்கு என்று கேட்டால் தயங்கித் தயங்கிச் சொன்னார். எல்.எம்.ஐ.ஏ. வாங்கித் தர ஏஜெண்ட் கேட்கிறாராம். எனக்கு சுள்ளிக்கல் இக்கா ஞாபகம் வந்துவிட்டது.

பி.காம். முடித்து நான் முதலில் வேலை பார்த்தது கொச்சியில், மட்டாஞ்சேரியை ஒட்டிய சுள்ளிக்கல்லில். அங்கே மாதாமாதம் பென்ஷன் எடுக்க வருவார், துறைமுகத்தில் மூட்டை சுமந்த இக்கா. சாப்பா கதையை அவர் சொல்லித்தான் கேட்டேன்.

சாப்பா என்பது ஒரு உலோக வில்லை, அவ்வளவுதான். காலையில் வேலை தேடி ஆட்கள் கூடுவார்கள். சரக்கு இறக்கும் குத்தகைக்காரரின் ஆட்கள் வில்லைகளைக் கூட்டத்தில் வீசி எறிவார்கள். அடிபிடியில் யார் கையில் சிக்குகிறதோ அவருக்கு அன்று கூலி. மற்றவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது.

இதை எதிர்த்துத்தான் 1953-ல் பெரிய வேலைநிறுத்தம். செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. அந்தப் போராட்டத்தில் செய்து, செய்தலவி, ஆண்டனி என்று மூன்று பேர் உயிர் போனது. (2023-ல் வந்த ராஜீவ் ரவியின் 'துறமுகம்' படம் இந்தக் கதைதான்.) துறைமுகத் தொழிலாளர் சட்டம் 1948-லேயே வந்திருந்தும் கொச்சிக்கான திட்டம் 1959-ல்தான் வந்தது. தொழிலாளி பெயர் பதிவேட்டில் ஏறியது. வேலை முறை வைத்து வந்தது. மூட்டையும் கப்பலும் மாறவில்லை. வேலை கொடுக்கும் அதிகாரம் குத்தகைக்காரர் கையிலிருந்து பதிவேட்டுக்குப் போனது. அதுதான் வெற்றி.

இப்போது கனடாவுக்கு வருவோம். வெளிநாட்டு ஆளை எடுக்க வேண்டுமென்றால், உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளி விளம்பரம் செய்து காட்டி அரசிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். 2014 முதல் அதற்குப் பெயர் எல்.எம்.ஐ.ஏ. உள்ளூர்த் தொழிலாளியின் வயிற்றில் அடிக்கக் கூடாது என்ற நல்ல நோக்கம்தான். ஆனால் அந்தக் காகிதம் முதலாளி கையில். பர்மிட்டிலும் அவர் பெயர். வேறு இடம் போக மறுபடி விண்ணப்பம். கையில் இருப்பதை விற்கிறவர்களும் கிளம்பிவிட்டார்கள். கட்டணம் ஓர் ஆளுக்கு 1,000 டாலர். அதை முதலாளிதான் கட்ட வேண்டும், தொழிலாளியிடம் வசூலிப்பது சட்டவிரோதம். ஊரில் நிலத்தை விற்று அனுப்பும் பெற்றோருக்கு இதை யாராவது சொல்கிறோமா?

தம்பியை டிம் ஹார்டன்ஸுக்குக் கூட்டிப்போய் எல்லாம் சொன்னேன். எல்.எம்.ஐ.ஏ. வேலைக்கு நிரந்தரக் குடியுரிமைத் தேர்வில் கிடைத்த கூடுதல் புள்ளிகளும் 2025 மார்ச்சில் போய்விட்டன என்றேன். முதலாளி கொடுமைப்படுத்தினால், அவர் பெயரில்லாத திறந்த பர்மிட் கேட்கும் வழி 2019-லிருந்து இருக்கிறது என்றேன்.

"அதெல்லாம் சரிண்ணா, எனக்கு பர்மிட் முடிய நாலு மாசம்தான் இருக்கு" என்றார்.

கடன் கொடுக்கவில்லை. அது சரிதான். ஆனால் அவருக்குச் சொல்ல என்னிடம் பதிலும் இல்லை. கூட்டத்தில் கை நீட்டி நிற்கிறவனிடம் போய், வில்லை பொறுக்காதே என்று சொன்னால் எப்படி? இக்கா இருந்திருந்தால் வேறு கேள்வி கேட்டிருப்பார்: "மோனே, வில்லை இன்னும் யார் கையில்?"