நாய் கண்காட்சி ஸ்டாலில் சடை நாய்க்கு என்ன வாங்கலாம், எதைத் தவிர்க்கணும்?

ஷிட்ஸு, லாசா ஆப்ஸோ, பொமரேனியன், கோல்டன் ரெட்ரீவர்... வீட்டில் சடை நாய் வளர்ப்பவர்கள் நாய் கண்காட்சிக்குப் போவது நாய்களைப் பார்க்க மட்டுமல்ல. மைதானத்து ஓரமாகப் போட்டிருக்கும் ஸ்டால்களுக்காகவும்தான். பக்கத்துத் தெரு பெட் ஷாப்பில் கிடைக்காத சீப்பும் ஷாம்பூவும் அங்கே ஒரே இடத்தில் இருக்கும். கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம்.

ஆனால் பை நிறைய வாங்கி வந்த பிறகும் நாயின் காதுக்குப் பின்னால் சிக்கு அப்படியே இருக்கிறது என்று புலம்புபவர்கள்தான் அதிகம். காரணம், ஸ்டாலில் இருக்கும் பொருட்களில் பெரும்பகுதி போட்டிக்குப் போகும் நாய்களுக்கானது. வீட்டு நாய்க்குத் தேவைப்படுவது நான்கைந்து பொருட்கள். அந்த நான்கைந்தைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சிக்கு விழுந்தால் என்ன ஆகும்?

பார்க்க அசிங்கமாக இருக்கும், அவ்ளோதான் என்று நினைத்தால் தப்பு. முடி கட்டிக்கொண்டால் நாய் நடக்கும்போதும் படுக்கும்போதும் அது தோலைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். அடியில் காற்று போகாது. குளிப்பாட்டிய ஈரம் அங்கேயே தங்கும். தோல் சிவந்து புண்ணாகும். அந்தப் புண்ணில் ஈ முட்டையிட்டுப் புழு வைப்பதும் நம்ம ஊர் வெயிலில் நடக்கக்கூடியதே. மேலே முடி மூடியிருப்பதால் நாற்றம் அடிக்கும் வரை வீட்டில் யாருக்கும் தெரியாது. உண்ணிகளுக்கும் அது நல்ல மறைவிடம்.

காதுக்குப் பின்புறம், முன்னங்கால் அக்குள், காலர் உரசும் கழுத்து, பின்தொடை, வாலடி, விரல் இடுக்கு. சிக்கு பெரும்பாலும் தொடங்குவது இந்த இடங்களில்தான். முதுகு பளபளவென்று இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது.

கண்காட்சி எங்கே, எப்போது?

இந்தியாவில் இனநாய்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. அதோடு இணைந்த கிளப்புகள் பல ஊர்களில் கண்காட்சி நடத்துகின்றன. பெரும்பாலானவை வெயில் குறைந்த மாதங்களில் நடக்கும். விதிவிலக்கு ஊட்டி. அங்கே மட்டும் கோடை சீசனில் மே மாதம் நடப்பது பழக்கம்.

கண்காட்சிக்கும் கடைக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததல்ல. உலகின் மிகப் புகழ்பெற்ற நாய் கண்காட்சியான பிரிட்டனின் 'கிரஃப்ட்ஸ்' 1891-ல் தொடங்கியது. அதைத் தொடங்கிய சார்லஸ் கிரஃப்ட் அதற்கு முன்பு நாய் பிஸ்கட் கம்பெனி ஒன்றின் விற்பனை ஆள்! இப்போது பர்மிங்காமில் ஒவ்வொரு ஆண்டும் நான்கு நாள் நடக்கும் அந்தக் கண்காட்சியில் நூற்றுக்கணக்கான ஸ்டால்கள் போடுகிறார்கள். நம்ம ஊரில் அவ்வளவு இருக்காது என்றாலும் கதை ஒன்றுதான்.

முதலில் முடி எந்த வகை?

ஸ்டாலுக்குள் நுழையும் முன் தெரிந்திருக்க வேண்டியது இது. ஷிட்ஸு, மால்டீஸ், யார்க்‌ஷயர் டெரியர் போன்றவற்றுக்கு முடி மனிதத் தலைமுடி மாதிரி நீண்டு வளர்ந்துகொண்டே போகும். அதிகமாகக் கொட்டாது. கொட்டும் கொஞ்ச முடியும் கீழே விழாமல் மற்ற முடியோடு சிக்கிக்கொள்ளும். கோல்டன் ரெட்ரீவர், பொமரேனியன், சடை ஜெர்மன் ஷெப்பர்டு போன்றவற்றுக்கு இரட்டை அடுக்கு. மேலே நீண்ட முடி, அடியில் பஞ்சு மாதிரி இன்னொரு முடி. அந்தப் பஞ்சு பருவத்துக்குப் பருவம் கொத்துக் கொத்தாகக் கழியும்.

இரண்டுக்கும் கருவி வேறு. அடிமுடியை வாரி எடுக்கும் 'அண்டர்கோட் ரேக்' கோல்டனுக்கு அருமையான பொருள். ஷிட்ஸுவுக்கு அது தேவையே இல்லை. பிளேடு வைத்த 'டி-ஷெட்டிங்' கருவியைப் பட்டு மாதிரி முடியுள்ள நாய் மேல் போட்டால் முடி நடுவில் அறுபடும். "எல்லா நாய்க்கும் ஆகும் சார்" என்று சொல்லித் தரப்படும் கருவியைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலியே கிடையாது. ஒரு ரப்பர் கையுறை பிரஷ் போதும்.

சீப்பும் பிரஷ்ஷும்: பணம் போட வேண்டிய இடம்

ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் ஸ்டீல் சீப்பு வாங்குங்கள். ஒரு பாதி பல் அகலமாகவும் மறு பாதி நெருக்கமாகவும் இருக்கும். 'கிரேஹவுண்ட் கோம்ப்' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். (கிரேஹவுண்டுக்கு ஏது சீவுற அளவுக்கு முடி என்று கேட்கக் கூடாது. பேர் அப்படி நிலைத்துவிட்டது.) பிரஷ் போட்டு முடித்த பிறகு இந்தச் சீப்பு தோல் வரை இறங்கித் தடையில்லாமல் ஓடினால்தான் சிக்கு இல்லை என்று அர்த்தம். பிளாஸ்டிக் சீப்பு வேண்டாம். உரசலில் மின்னேற்றம் வந்து முடி பறக்கும், மறுபடி சிக்கும்.

வாங்கும்போது பல் நுனியை உள்ளங்கையில் அழுத்திப் பாருங்கள். குத்தக் கூடாது. பல்லுக்கும் தண்டுக்கும் இடையே இடுக்கு இருந்தால் முடி மாட்டும். மெல்லிய துப்பட்டா ஓரத்தில் ஓட்டிப் பார்த்தால் பிசிறு இருக்கிறதா என்று உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது பின் பிரஷ். ரப்பர் மெத்தையில் நீளமான உலோக ஊசிகள் செருகியிருக்கும். பெட் ஷாப்பில் கிடைக்கும் பலவற்றில் ஊசி நுனியில் சின்ன உருண்டை இருக்கும். பார்க்கப் பாதுகாப்பாகத் தெரியும். ஆனால் நீண்ட முடியில் அந்த உருண்டை மாட்டி இழுக்கும். ஒரு உருண்டை உதிர்ந்தால் அந்த நுனி தோலைக் கீறும். அதனால்தான் கண்காட்சிக்காரர்கள் உருண்டை இல்லாமல் நுனி மழுக்கப்பட்ட ஊசி பிரஷ்ஷைத் தேடுகிறார்கள். அமெரிக்காவின் கிறிஸ் கிறிஸ்டென்சன் இந்த வகையில் பெயர் வாங்கிய பிராண்டு. விலை அதிகம். அதையேதான் வாங்கணும் என்றில்லை. கட்டைவிரலால் மெத்தையை அழுத்தினால் இறங்கி மீண்டும் எழும்ப வேண்டும், ஊசிகள் உள்ளே போய்விடக் கூடாது, இழுத்தால் கையோடு வரக் கூடாது. இந்த மூன்றும் சரியென்றால் எந்தப் பிராண்டும் ஓகே.

ஸ்லிக்கர் பிரஷ் மூன்றாவது. மெல்லிய வளைந்த கம்பிகள் நெருக்கமாக இருக்கும். சின்னச் சிக்கை உடைக்க நல்லது. ஆனால் அழுத்திப் போட்டால் தோல் சிராய்த்து எரியும். முழங்கையின் உட்பக்கத்தில் உங்கள் கையிலேயே இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். சிவப்புக் கோடு விழுந்தால் அந்தப் பிரஷ் வேண்டாம்.

எந்தப் பிரஷ் வாங்கினாலும், வறண்ட முடியில் போடாதீர்கள். தண்ணீரில் கொஞ்சம் கண்டிஷனர் கலந்து ஸ்பிரே பாட்டிலில் வைத்து லேசாகத் தெளித்துவிட்டுப் போடணும். நாயைப் படுக்க வைத்து, முடியை வகிடு எடுத்து, தோல் தெரியும் ஒவ்வொரு வரிசையாகச் சீவிக்கொண்டே மேலே போவதுதான் முறை. மேலோட்டமாக முதுகைத் தடவுவது சீவுவது ஆகாது. குளிப்பாட்டும் முன்பே சிக்கு எடுத்துவிடணும். ஏன்னா சிக்கு நனைந்து காய்ந்தால் கம்பளி மாதிரி இறுகிவிடும்.

கத்திரிக்கோல் வாங்கலாமா?

விரல் இடுக்கு, கண் ஓரம் வெட்ட நுனி உருண்டையான சின்னக் கத்திரிக்கோல் ஒன்று போதும். நனைந்த டிஷ்யூ பேப்பரை வெட்டிப் பாருங்கள். மடங்காமல் வெட்டினால் கூர்மை சரி. ஸ்டாலில் தொங்கும் நீளமான, வளைந்த, ஜப்பான் ஸ்டீல் கத்திரிக்கோல்கள் தொழில் செய்பவர்களுக்கானவை.

ஒரு எச்சரிக்கை. சிக்கைக் கத்திரிக்கோலால் வெட்டி எடுக்க முயலவே கூடாது. சிக்கு தோலையும் சேர்த்து மேலே இழுத்து வைத்திருக்கும். முடி என்று நினைத்துத் தோலை வெட்டி, தையல் போட டாக்டரிடம் ஓடுவது இப்படித்தான். சீவ முடியாத சிக்கை கிளிப்பரால் வழித்து எடுப்பதே பாதுகாப்பு.

கிளிப்பரில் ஆண்டிஸ், வால், ஆஸ்டர் ஆகிய பெயர்கள் அடிக்கடி கண்ணில் படும். தொழில்முறை மாடல்களில் பிளேடு கழற்றி மாட்டக்கூடியது. எண் கூடக்கூட முடி குட்டையாகும் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 10-ம் எண் பிளேடு சுமார் 1.5 மில்லிமீட்டர் முடியை விடும், 40-ம் எண் கிட்டத்தட்ட மொட்டை. சிக்கு எடுக்க 10 போதும். அதைவிடக் குட்டையாக வெட்டும் பிளேடை வீட்டில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. ஓடும்போது பிளேடு சூடாகும். இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

இதை வாங்கிவிட்டோமே என்று வெயில் காலத்தில் பொமரேனியனையும் கோல்டனையும் மொட்டை அடிப்பது தவறு. இரட்டை அடுக்கு முடி வெட்டிய பிறகு பழையபடி வளராமல் திட்டுத் திட்டாக நின்றுவிடலாம். வளரவே பல மாதம் ஆகலாம். அதோடு வெயில் நேரடியாகத் தோலில் படும்.

ஷாம்பூவில் எதைப் பார்ப்பது?

நம் தோல் சற்று அமிலத்தன்மை உள்ளது. நாயின் தோல் நடுநிலையை ஒட்டியது. அதனால் நம் ஷாம்பூவோ பேபி ஷாம்பூவோ தொடர்ந்து போட்டால் தோல் வறண்டு அரிப்பு வரலாம். நாய்களுக்கென்று தயாரித்ததையே வாங்குங்கள்.

ஸ்டாலில் விலையைப் பார்த்து மிரள்வதற்கு முன் பாட்டிலில் கலப்பு விகிதம் இருக்கிறதா என்று பாருங்கள். 1:10 என்று போட்டிருந்தால் அரை லிட்டர் பாட்டிலை 5 லிட்டர் தண்ணீரில் கலக்கலாம். விலை இரண்டு மடங்காக இருந்தாலும் கணக்குப் போட்டால் அதுவே மலிவாக இருக்கும். கலந்ததை நாள்கணக்கில் வைக்கக் கூடாது, கெட்டுவிடும். சடை நாய்க்கு ஷாம்பூவை விட கண்டிஷனர் முக்கியம் என்றே சொல்லலாம். போர் தண்ணீர் உப்பாக உள்ள வீடுகளில் கடைசி அலசலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் வைத்துக்கொண்டால் முடி சொரசொரப்பாகாது.

மருந்து கலந்த ஷாம்பூ, உண்ணிப் பவுடர், ஸ்பிரே ஆகியவற்றை ஸ்டால்காரர் பேச்சைக் கேட்டு வாங்க வேண்டாம். கால்நடை மருத்துவரிடம் கேட்டே வாங்கணும். நாயின் எடைக்கும் வயதுக்கும் ஏற்ப அளவு மாறும். வீட்டில் பூனையும் இருந்தால் இன்னும் கவனம். நாய் உண்ணி மருந்துகளில் இருக்கும் பெர்மெத்ரின் பூனையின் உயிருக்கே ஆபத்து.

வெள்ளை நாய்களின் கண்ணோரக் கறையைப் போக்கும் பவுடர்களும் அப்படித்தான். இப்படிப்பட்ட சில தயாரிப்புகளில் டைலோசின் என்ற ஆன்டிபயாட்டிக் அனுமதியில்லாமல் கலக்கப்பட்டதாக அமெரிக்காவின் எஃப்டிஏ 2014-ல் எச்சரித்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத டப்பாவை வாங்காதீர்கள்.

டிரையர் தேவையா?

அடர்ந்த முடியுள்ள நாயை அடி வரை காய வைக்க டவல் போதாது. ஈரம் தங்கினால் தோல் நோய்தான். காற்றை வேகமாக அடிக்கும் 'ஃபோர்ஸ் டிரையர்' இதற்கு நல்லது, சூட்டை விட காற்றின் வேகத்தால் தண்ணீரைத் தள்ளும். வாங்கும் முன் வாட்ஸ் பாருங்கள். 2,000 வாட்ஸுக்கு மேல் என்றால் வீட்டுச் சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் போடக் கூடாது, 16 ஆம்பியர் பாயின்ட் வேணும். அமெரிக்காவிலிருந்து வந்தது என்றால் 110 வோல்ட்டா என்றும் பாருங்கள். நம்ம 230 வோல்ட்டில் செருகினால் அன்றோடு சரி. ஸ்டாலில் ஓட்டிக் காட்டச் சொல்லி சத்தத்தைக் கேளுங்கள். பயந்த சுபாவமுள்ள நாய் அந்தச் சத்தத்துக்கே ஓடிவிடும்.

கூண்டுக்குள் அடைத்துச் சூடான காற்று அடிக்கும் முறை வேண்டவே வேண்டாம். ஷிட்ஸு மாதிரி மூக்கு சப்பையான நாய்களுக்கு வெப்பம் தாங்காமல் உயிரே போகலாம்.

எதை விட்டுவிடலாம்?

முடியைச் சுருட்டி வைக்கும் ரேப் பேப்பர், செட்டிங் ஸ்பிரே, வெள்ளை நிறம் காட்டும் சாக் பவுடர் இதெல்லாம் ரிங்குக்குப் போகும் நாய்களின் சமாச்சாரம். அங்கேயும் இதற்குக் கட்டுப்பாடு உண்டு. பிரிட்டனின் கென்னல் கிளப் விதிப்படி, முடியின் இயற்கை நிறத்தையோ தன்மையையோ மாற்றும் பொருள் கண்காட்சியின்போது நாயின் முடியில் இருக்கக் கூடாது. வீட்டில் சோபாவில் தூங்கும் நாய்க்கு எதற்கு?

இலவசமாகக் கிடைக்கும் ஒன்றைத் தவறவிடாதீர்கள். உங்கள் இனத்து நாயைக் கொண்டு வந்தவர்கள் மேஜையில் வைத்துச் சீவுவதைப் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். போட்டிக்கு முன் பேச்சுக் கொடுக்காதீர்கள், நாயைத் தொடாதீர்கள். முடிந்து வந்த பிறகு கேட்டால், என்ன பிரஷ், எங்கே வாங்கினோம் என்று நிறையப் பேர் சந்தோஷமாகச் சொல்வார்கள். அதைக் கேட்டுவிட்டு ஸ்டாலுக்குப் போவதே நல்லது.

பில், எம்ஆர்பி, தொற்று

"இம்போர்ட்டட் பீஸ்" என்றாலும் பாக்கெட்டில் அடைத்து விற்கும் பொருளில் எம்ஆர்பி, இறக்குமதியாளர் பெயர், முகவரி இருக்க வேண்டும் என்பது 2011-ம் ஆண்டு சட்டமுறை எடையளவு விதி. எம்ஆர்பிக்கு மேல் வாங்கக் கூடாது. பில் கேட்டு வாங்குங்கள். ஸ்டால் மாலையில் பிரித்துவிடுவார்கள், டிரையர் ரிப்பேரானால் யாரைத் தேடுவது? கடையின் நிரந்தர முகவரி பில்லில் இருக்கிறதா பாருங்கள். பிரச்னை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பேரம் பேச நினைப்பவர்களுக்கு மாலை நேரம் வசதி, மூட்டை கட்டும் நேரத்தில் ஸ்டால்காரர் இறங்கி வர வாய்ப்பு அதிகம்.

யாரோ பயன்படுத்திய சீப்பையும் பிரஷ்ஷையும் பாதி விலை என்று வாங்காதீர்கள். படர்தாமரைக் கிருமி அதில் ஒட்டியிருந்தால் நாய்க்கு மட்டுமல்ல, வீட்டுக் குழந்தைகளுக்கும் பரவும். அதேபோல தடுப்பூசி முழுசாகப் போட்டு முடிக்காத குட்டியை, பிரஷ் சரியா இருக்கான்னு பார்க்கலாம் என்று கண்காட்சிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். பார்வோ வைரஸ் தரையிலும் செருப்பிலும் கூட தங்கியிருக்கும். நாயின் முடி நீளத்தை ஸ்கேலில் அளந்து, போனில் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு போனாலே போதும். ஊசியின் நீளம் முடிக்குச் சரியாக இருக்குமா என்பதை ஸ்டால்காரர் அதைப் பார்த்தே சொல்லிவிடுவார்.