விருந்தாளிக்கு ஓர் அறை

1999ஆம் ஆண்டின் பிற்பகுதி. மட்டக்களப்பு நகரில் இணையம் என்பது தொலைபேசி இணைப்பின் வழியே, நிமிடத்துக்கு நிமிடம் காசு எண்ணிச் செலவிடப்பட்ட பண்டம். நான் அப்போது ஒரு பத்திரிகையின் பிரதேச நிருபர். மாலையில் செய்தியைத் தொலைநகலில் அனுப்பிவிட்டு, கணினி வகுப்பு நடத்திய நண்பர் ஒருவரிடம் போய்க் கதைத்துக்கொண்டிருப்பது வழக்கம். ஒருநாள் அவருடைய பென்டியம் கணினித் திரையில் பல நிறத் தூண்கள் எழுந்தும் விழுந்தும் கொண்டிருந்தன. என்னவென்று கேட்டேன்.

"வானத்துல ஆராவது கதைக்கிறாங்களா எண்டு தேடுது மச்சான்" என்றார்.

மென்பொருளின் பெயர் செட்டி அட் ஹோம். (செட்டிமாருக்கும் இதற்கும் தொடர்பில்லை, வேற்றுலக அறிவைத் தேடும் முயற்சிக்கான ஆங்கிலச் சுருக்கம் அது.) கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகம் அதனை 1999 மே 17 அன்று வெளியிட்டிருந்தது. புவேர்ட்டோ ரிக்கோவில் உள்ள அரசிபோ வானொலித் தொலைநோக்கி பதிவுசெய்த இரைச்சல் 35 ஜிகாபைற் நாடாக்களில் நிரப்பப்பட்டுத் தபாலில் பேர்க்லிக்குப் போகும். அவ்வளவு தரவைச் சுமக்க அங்கிருந்த இணைய இணைப்பால் முடியவில்லை. பேர்க்லியில் அது 107 விநாடித் துண்டுகளாக நறுக்கப்பட்டு, உலகெங்கும் சும்மா கிடக்கும் கணினிகளுக்கு அனுப்பப்படும். ஒவ்வொரு துண்டும் சுமார் மூன்றில் ஒரு மெகாபைற். ஆகவே எங்கள் தொலைபேசி இணைப்பிலும் அது வந்து சேர்ந்தது.

இம்முயற்சி முதலாவதன்று. பெரிய பகா எண்களைத் தேடும் திட்டத்தை 1996இலேயே ஜோர்ஜ் வோல்ட்மன் தொடங்கியிருந்தார். ஆனால் ஐம்பது இலட்சத்துக்கும் அதிகமானோரைச் சேர்த்தது செட்டிதான். கணினிகளின் சிரமதானம் என்று நான் அப்போது ஒரு சிறு செய்திக் கட்டுரை எழுதினேன். ஆசிரியர் பீடம் அதைப் பிரசுரிக்கவில்லை. அந்நாட்களில் கிழக்கிலிருந்து எதிர்பார்க்கப்பட்ட செய்திகள் வேறு.

இரைச்சலுக்குள் ஒரு குரலைத் தேடுவது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. நிலவுக் காலத்தில் வாவியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீருக்குள்ளும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்டவர்கள் எங்கள் முன்னோர். 'பாடும் மீன்' பற்றி எமர்சன் டெனன்ற் 1859இல் வெளியான தம் நூலில் எழுதினார். கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் புனித மிக்கேல் கல்லூரியின் அமெரிக்கப் பாதிரியார் லாங் அந்த ஒலியைப் பதிவும் செய்தார். நண்பருக்குச் செட்டி பிடித்துப்போனதன் காரணம் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

அவருக்கு ஓர் அச்சமும் இருந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 26 அன்றுதான் 'செர்னோபில்' வைரஸ் ஆசியாவில் எத்தனையோ கணினிகளின் வன்தட்டை அழித்திருந்தது. முன்பின் தெரியாத ஒருவரின் நிரலை நம் இயந்திரத்தில் இரவுபகலாக ஓடவிடுவது, தெரியாத ஆளைப் படலை திறந்து வீட்டுக்குள் விடுவது போன்றது. படலை தட்டப்படும் சத்தத்துக்கே நெஞ்சு திடுக்கிட்ட காலத்தில் அந்த ஒப்புமை வெறும் அலங்காரமாக எங்களுக்குத் தோன்றவில்லை.

இந்தச் சிக்கலுக்கான விடை ஜெனீவாவிலிருந்து வந்தது. சேர்ன் ஆய்வுகூடம் 2004இல் எல்.எச்.சி. அட் ஹோம் திட்டத்தைத் தொடங்கியது. 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள வளையத்தில் துகள்கள் தடம் மாறாமல் ஓடுமா என்பதைக் கணிக்கும் ஒரு சிறிய நிரல் மட்டுமே முதலில் தொண்டர்களுக்குப் பகிரப்பட்டது. துகள்மோதலைப் போலச் செய்துபார்க்கும் பெரிய நிரல்களைப் பகிர முடியவில்லை. அவை சேர்னின் லினக்ஸுக்கென எழுதப்பட்டவை. தொண்டர்களிடம் இருந்ததோ பெரும்பாலும் விண்டோஸ். இலட்சக்கணக்கான வரிகளைத் திருத்தி எழுதுவதற்குப் பதிலாக, கணினிக்குள் இன்னொரு கணினியையே அனுப்பிவிடலாம் என்று அங்குள்ளோர் துணிந்தனர். பிரெட்ராக் புன்சிச் முதலானோர் உருவாக்கிய சேர்ன்-வி.எம். அதற்குக் கைகொடுத்தது. 2011இல் ஒரு திட்டம் அவ்வாறு தொண்டர்களிடம் வந்தது.

மெய்நிகர் இயந்திரம் என்ற எண்ணம் பழையது. ஐ.பி.எம். நிறுவனம் 1960களிலேயே ஒரே பெருங்கணினியைப் பல தனிக் கணினிகள் போல இயக்கிக் காட்டியது. 1972இல் அதனை விற்பனைக்கும் கொணர்ந்தது. வேர்ச்சுவல்பொக்ஸ் போன்ற இலவச மென்பொருள்களால் நாற்பது ஆண்டுகள் கழித்து அது வீட்டு மேசைக்கு வந்தது. இத்துறையில் வீட்டுக் கணினியை 'விருந்தளிப்பவர்' என்றும் உள்ளே ஓடுவதை 'விருந்தாளி' என்றும் ஆங்கிலத்தில் அழைக்கின்றனர். விருந்தாளிக்கு இத்தனை நினைவகம், இத்தனை வன்தட்டு என்று அளந்து ஓர் அறை கொடுக்கிறோம். அந்த அறைதான் தன் வீடென்று அவர் எண்ணிக்கொள்கிறார். நம் கோப்புகள் அவர் கண்ணுக்குப் படுவதில்லை. (சுவரில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டதும் உண்டு; ஆனாலும் சுவரே இல்லாத வீட்டைவிட இது மேல்.) மட்டக்களப்பார் வந்தவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று மற்ற ஊரார் எம்மைக் கேலி செய்வதுண்டு. இந்த விருந்தாளியை எந்த மந்திரமும் ஒட்டவைக்காது; கோப்பை அழித்தால் தடயமின்றிப் போய்விடுவார்.

அச்சம் தீர்ந்தது உண்மை. ஆயினும் இதில் நேர்ந்த ஓர் இழப்பைப் பற்றி எவரும் அதிகம் பேசக் காணேன். செட்டி ஓடுவதற்கு 32 மெகாபைற் நினைவகம் போதும்; கிடைத்த எந்தப் பழைய கணினியும் அந்தச் சிரமதானத்தில் மண்வெட்டி பிடிக்கலாம். விருந்தாளி கணினியோ நூற்றுக்கணக்கான மெகாபைற் பதிவிறக்கத்துடன் வருகிறார். 2014இல் தொடங்கிய அட்லஸ் திட்டம் பல ஜிகாபைற் நினைவகமும், மெய்நிகராக்கத்துக்கு இடங்கொடுக்கும் செயலியும் கேட்டது. நண்பரின் வகுப்பில் இருந்த பழைய இயந்திரங்களில் ஒன்றுக்குக்கூட அத்தகுதி இருக்கவில்லை. கதவு பாதுகாப்பானது, வாசற்படி உயர்ந்துவிட்டது. அந்தப் படியில் ஏற முடியாதவர்கள் பெரும்பாலும் எங்களைப் போன்ற ஊர்களிலேயே இருந்தார்கள். அறிவியலாளரைக் குறைசொல்லவில்லை, அவர்களுடைய கணக்குக்கு அது தேவைப்பட்டது.

நான் புதிய மடிக்கணினி வாங்கிய பின்னரே எல்.எச்.சி. அட் ஹோமில் சேர்ந்தேன். செட்டி 2020 மார்ச் 31 அன்று பணி பகிர்வதை நிறுத்தியிருந்தது. அரசிபோ தொலைநோக்கி அதே ஆண்டு டிசம்பர் முதலாம் திகதி இடிந்து விழுந்தது.

2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டது. எந்தப் பிரிவுக்கு எத்தனை மணிக்கு என்ற அட்டவணையைப் பார்த்து, சற்று முன்னதாக நான் பணியை நிறுத்துவேன். விருந்தாளி கணினியின் நினைவகம் முழுவதும், பாதிக் கணக்குடன், அப்படியே வன்தட்டில் எழுதப்படும். மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். எல்லாப் பணிகளும் இப்படி ஒத்துழைக்கவில்லை. சில முதலிலிருந்தே தொடங்கின. ஒன்று மூன்று நாள் ஓடி, முடிவு ஏற்கப்படாமல் திரும்பியது. அன்றைக்கு அடுப்பெரிக்கவும் வழியில்லாமல் வீட்டில் விறகு தேடிக்கொண்டிருந்தோம்.

அவ்வாண்டு ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் உயர்ந்தது. அடுத்த பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, "உங்கட விருந்தாளி இன்னும் எத்தின நாளைக்கு நிப்பாராம்?" என்று மனைவி கேட்டார். கையிலிருந்த இரண்டு பணிகளையும் முடித்து அனுப்பிவிட்டு, புதியன வராதபடி நிறுத்தினேன். நண்பரிடம் தொலைபேசியில் சொன்னபோது, அவருடைய பழைய பென்டியம் இன்னும் பரணில் கிடப்பதாகச் சொன்னார்.