மாஸ்க்கனிலிருந்து இண்டஸுக்கு: புனேயின் சுடும் விளையாட்டுகளில் முன்னதும் பின்னதும்

புனேயைச் சேர்ந்த சூப்பர்கேமிங் நிறுவனம் 2024 அக்டோபர் 16 அன்று ‘இண்டஸ் பேட்டில் ராயல்’ என்ற கைப்பேசி விளையாட்டை வெளியிட்டது. வெளிவருமுன்பே ஒரு கோடிப் பேருக்கு மேல் அதற்கு முன்பதிவு செய்திருந்தார்கள். அதைப் பற்றி எழுதியவர்களில் பலர் அதே வகையில் புகழ்பெற்ற பப்ஜியைப் பக்கத்தில் வைத்து அளந்தார்கள். அந்த அளவுகோல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் இண்டஸ் எங்கிருந்து வந்தது என்பதை அது காட்டாது. அதே நிறுவனம் அதற்குமுன் உருவாக்கிய ‘மாஸ்க்கன்’தான் இண்டஸின் உண்மையான முன்னோடி. பெயரில் ‘2’ என்ற எண் இல்லை, கதைத் தொடர்ச்சியும் இல்லை. ஆனாலும் பட்டறை ஒன்று; முதலாவதில் கற்ற பாடத்தின் மேல்தான் இரண்டாவது எழுந்தது.

சூப்பர்கேமிங்கைத் தொடங்கிய ராபி ஜானும் அவருடைய கூட்டாளிகளும் தொடக்கத்தில் ‘டேப்டுலேர்ன்’ என்ற பெயரில் குழந்தைகளுக்கான கல்வி விளையாட்டுகளைச் செய்தவர்கள். அங்கிருந்து சுடும் விளையாட்டுக்கு வந்தபோது அவர்கள் முன்னால் இருந்தது விலை குறைந்த கைப்பேசியும் நிலையற்ற இணைப்பும். 2016 செப்டம்பரில் ஜியோவின் கைப்பேசிச் சேவை வந்தபின் டேட்டா மலிவானது. ஆனால் கருவியின் நினைவகமும் செயலியின் வேகமும் உடனே வளர்ந்துவிடவில்லை. மாஸ்க்கனின் ஒவ்வொரு கூறிலும் இந்த நெருக்கடியைப் படிக்கலாம். களம் சிறியது, சிறு அணிகள், ஆட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். குறி எதிரியின் மேல் பட்டதும் துப்பாக்கி தானே சுடும். கண்ணாடித் திரையில் இரண்டு கட்டைவிரல்களால் நடக்கவும் குறிபார்க்கவும் சுடவும் வேண்டியிருக்கும்போது, அந்த மூன்றில் ஒன்றை ஆட்டக்காரரிடமிருந்து எடுத்துவிடுவது துணிச்சலான வடிவமைப்பு. தேர்ந்த ஆட்டக்காரர்கள் இதைக் குறையாகச் சொல்வதுண்டு. ஆனால் இந்த எளிமை புதியவர்களுக்குக் கதவைத் திறந்தது. மாஸ்க்கனை ஆடியவர்கள் 5 கோடியைத் தாண்டினார்கள்.

இந்த முடிவுகளின் மதிப்பை இன்னொரு விளையாட்டின் பாதை காட்டுகிறது. 2020 செப்டம்பர் 2 அன்று இந்திய அரசு பப்ஜி மொபைல் உட்பட 118 செயலிகளைத் தடைசெய்தது. இரண்டு நாள் கழித்து நடிகர் அக்ஷய் குமார் ‘ஃபௌஜி’ என்ற விளையாட்டை அறிவித்தார். பெங்களூரின் என்கோர் கேம்ஸ் அதை 2021 ஜனவரி 26 அன்று வெளியிட்டது. கல்வான் பள்ளத்தாக்கைக் களமாகக் கொண்ட அந்த ஆட்டத்தின் முதல் வடிவத்தில் துப்பாக்கியே கிடையாது, கைகலப்பு மட்டும். எதிரே நிற்பவர்கள் கணினி இயக்கும் பொம்மைகள். பப்ஜியை இழந்தவர்கள் தேடியது நண்பர்களோடு சேர்ந்து ஆடும் களம். அது கிடைக்காத ஏமாற்றம் பிளே ஸ்டோர் மதிப்பீடுகளில் தெரிந்தது. அணிமோதல் அந்த ஆண்டு ஜூனில்தான் சோதனை வடிவில் வந்தது. 2025 ஜனவரியில் வந்த அடுத்த பாகமான ‘ஃபௌஜி: டாமினேஷன்’ கதையை ஓரங்கட்டிவிட்டு ஐவருக்கு ஐவர் மோதும் ஆட்டமாகவே அமைந்தது. சிறு களம், சிறு அணி, குறுகிய ஆட்டம் என்று மாஸ்க்கன் முன்பே எடுத்த முடிவுகளுக்கு, தேசம் முழுக்க விளம்பரம் பெற்ற ஃபௌஜி சுற்றி வளைத்து வந்து சேர்ந்தது. மாஸ்க்கனின் பங்களிப்பு உரிய அளவு பேசப்படவில்லை என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்கவில்லை.

2022 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட இண்டஸ் எதிர்த்திசையில் நடந்தது. மாஸ்க்கனில் சிறு களத்துக்குள் நடந்த சண்டை, யக்ஷர்கள் விட்டுச்சென்ற ‘விர்லோக்’ என்ற கற்பனை உலகின் பரந்த நிலத்துக்கு இடம்பெயர்ந்தது. மாஸ்க்கனின் முகமூடி வீரர்களின் இடத்தில் சர்-தாஜ், மோர்-நி, பொக்ரான், பிக் கஜ் என்று பெயரும் உருவமும் உள்ள பாத்திரங்கள் வந்தன. ‘இந்தோ-ஃப்யூச்சரிசம்’ என்று நிறுவனம் அழைக்கும் இந்த அலங்காரமே அதிகம் பேசப்பட்டது. எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு விதி: ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் ‘காஸ்மியம்’ என்ற பொருள் களத்தில் தோன்றும், அதைக் கைப்பற்றினால், எதிரிகள் உயிரோடு இருந்தாலும் வெற்றி.

கடைசிவரை உயிரோடு மிஞ்சுபவர் வெல்லும் ‘பேட்டில் ராயல்’ வகையை ஆடியவர்களுக்கு இதன் எடை புரியும். ஸோன் எனப்படும் ஆடுகள எல்லை சுருங்கச் சுருங்க, மிச்சமிருப்பவர்கள் புல்லுக்குள்ளும் சுவருக்குப் பின்னும் பதுங்கிக் கேம்பிங் செய்வார்கள். முதலில் அசைபவர் சாவார் என்பதால் யாரும் அசைவதில்லை. காஸ்மியம் இந்தக் கணக்கைக் குலைக்கிறது. பதுங்கியவர் வெளியே வந்தாக வேண்டும். இல்லையென்றால் இன்னொருவர் ஆட்டத்தை முடித்துவிடுவார். எல்லாரையும் கொல்வதுதான் முடிவு என்ற இலக்கணத்துக்கு மாற்று வழி தந்த இந்த விதி, ஆடைகளையும் பெயர்களையும்விட நீடித்த பங்களிப்பு.

முன்னதன் நிழல் பின்னதிலும் விழுகிறது. வெளியீட்டின்போதே இண்டஸில் நால்வருக்கு நால்வர் மோதும் சிறு ஆட்டமும் இருந்தது. பெரிய நிலத்துக்குப் போன பிறகும் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஆடி முடிக்கக்கூடிய ஆட்டத்தை அந்தப் பட்டறை கைவிடவில்லை. அது சரியான முடிவு. பேட்டில் ராயல் ஒரே நேரத்தில் நிறைய ஆட்டக்காரர்களை ஒரு களத்தில் நிரப்பியாக வேண்டும். கூட்டம் குறைந்தால், ஆட்டம் தொடங்குமுன் கூடும் லாபியில் காத்திருப்பு நீளும். ஒரு சிலர் இருந்தாலே சிறு ஆட்டம் தொடங்கிவிடும்.

இந்த ஒப்பீட்டைச் செய்யும்போது ஆய்வாளரை ஒரு சிக்கல் மறிக்கிறது. கைப்பேசி விளையாட்டில் ஒவ்வொரு அப்டேட்டும் பழைய வடிவத்தை அழித்துவிட்டுத்தான் அமர்கிறது. சர்வர் நிறுத்தப்பட்டால் ஆட்டமே இல்லை. ஃபௌஜியின் துப்பாக்கியில்லா முதல் வடிவத்தையோ மாஸ்க்கனின் தொடக்ககாலக் களங்களையோ வெளிவந்த நிலையிலேயே இன்று ஆடிப் பார்க்க வழியில்லை. சினிமாவுக்கும் இந்த இழப்பு நேர்ந்தது: தமிழின் முதல் மௌனப்படமான ‘கீசக வதம்’ படத்தின் ஒரு சுருள்கூட நமக்கு மிஞ்சவில்லை. 1964இல் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் தொடங்கப்பட்டது இதே புனேயில்தான்; அதற்குள் மௌனப்படங்களில் பெரும்பகுதி போய்விட்டது. விளையாட்டுகளுக்கும் அந்தத் தாமதம் நேரக்கூடாது. சூப்பர்கேமிங் போன்ற நிறுவனங்கள் தங்கள் பழைய வடிவங்களையும் சர்வர் நிரல்களையும் ஒரு பொது ஆவணக்காப்பகத்திடம் ஒப்படைக்க வேண்டும். அதை ஏற்றுப் பாதுகாக்கும் பொறுப்பைப் புனேயின் பல்கலைக்கழகங்களோ திரைப்பட ஆவணக்காப்பகமோ இப்போதே எடுத்துக்கொள்ள வேண்டும்.