மாத்திரை தரும் கையும் வாங்கும் கையும்

மதிய உணவு முடிந்ததும் ஆசிரியை டப்பாவைத் திறக்கிறார். வாரம் ஒரு நாள், நீல நிறத்தில் ஒரு மாத்திரை: 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். வாங்கிப் பைக்குள் போட்டுக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு என்பதால் கண்ணெதிரே விழுங்க வைக்க வேண்டும். "மிஸ், வயித்தைப் பொரட்டுது" என்று ஒருத்தி. "போன வாரம் வெளிக்கி கறுப்பா போச்சு மிஸ்" என்று காதோரம் வந்து சொல்லும் இன்னொருத்தி. சாப்பிட்ட பிறகு போட்டால் புரட்டாது, கறுப்பாகப் போவது இரும்பினால்தான், பயப்படாதே, மாத்திரை போட்ட கையோடு டீ குடிக்காதே. ஒவ்வொருத்திக்கும் பதில் சொல்லிவிட்டு, பதிவேட்டில் குறித்து, டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டுகிறார். அவருக்கு அதில் மாத்திரை கிடையாது.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 52.9 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. 15 முதல் 49 வயதுவரை எல்லாப் பெண்களையும் சேர்த்துப் பார்த்தால் 53.4 சதவீதம். ஆசிரியைகளை மட்டும் தனியாக எடுத்த கணக்கல்ல இது. படிப்பும் மாதச் சம்பளமும் இருப்பதால் அவர்களிடம் கொஞ்சம் குறைவாகவே இருக்கலாம். ஆனாலும் பத்தொன்பது வயதோடு இரத்தசோகை விடைபெற்றுப் போய்விடுவதில்லை என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும். 2018-இல் வந்த 'இரத்தசோகை இல்லா இந்தியா' திட்டம் 20 முதல் 49 வயதுப் பெண்களையும் சேர்த்துக்கொண்டது. அவர்களுக்குச் சிவப்பு மாத்திரை. அதைக் களப்பணியாளர்கள் வீடு தேடிக் கொண்டுவர வேண்டும். காலை ஏழு மணிக்குப் பேருந்து ஏறி, மாலை ஆறு மணிக்கு இறங்குகிற ஒருவரை அவர்கள் எந்த வீட்டில் பார்ப்பது?

ஒரே கட்டடம், ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரே மணி. ஆனால் மாணவரின் உடம்பு ஊர்ப்பொறுப்பு. ஆசிரியரின் உடம்பு அவரவர் பாடு. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் இவர்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு முதலில் தென்படுவது இந்த வேறுபாடுதான். தனியார் பள்ளி ஆசிரியர்களை இங்கே சேர்க்கவில்லை. அவர்களில் பலருக்கு விடுப்பு எடுத்தாலே சம்பளம் போய்விடும். அது தனியே எழுதவேண்டிய கதை.

மாணவருக்குச் செய்திருப்பதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இந்தியாவில் வேறெந்த மாநிலமும் பள்ளிப் பிள்ளையின் வயிற்றை இவ்வளவு நீண்டகாலமாக நினைவில் வைத்திருந்ததில்லை. 1920-இல் நீதிக்கட்சிக் காலத்துச் சென்னை மாநகராட்சியின் ஆயிரம் விளக்குப் பள்ளி, காமராசர் காலத்து மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவு என்று ஒரு நூற்றாண்டுத் தொடர்ச்சி அது. கூடவே பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு நீக்க அல்பெண்டசோல். 10 முதல் 19 வயதுப் பெண்களுக்குப் 'புதுயுகம்' திட்டத்தில் ஆண்டுக்கு 18 பொட்டலம் நாப்கின். 2013 முதல், பள்ளிக்கே வந்து கண், பல், காது, தோல், இதயம் பார்த்துவிட்டுப் போகும் நடமாடும் மருத்துவக் குழு.

ஆசிரியருக்கு என்ன இருக்கிறது? மாதம் 300 ரூபாய் பிடித்தம் செய்யும் புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. 2021-இல் அறிவித்தபடி, நான்கு ஆண்டுகளுக்கு 5 லட்சம் ரூபாய், சில பெரிய நோய்களுக்கு 10 லட்சம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மருத்துவமனையில் படுத்த பிறகுதான் அது கைகொடுக்கும். மாணவருக்கு வருமுன் காப்பு, ஆசிரியருக்கு வந்தபின் செலவு என்பதுதான் இன்றைய ஏற்பாடு. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் எந்த அறிகுறியும் காட்டாமல் ஆண்டுக்கணக்கில் இருப்பவை. ஆசிரியருக்கு இது ஆபத்தான ஏற்பாடு.

இந்த ஏற்பாடு இரு தரப்பின் மனப்போக்கையும் வடிவமைத்திருக்கிறது. மெட்ராஸ் ஐ பரவும் நாட்களில் இதை நேராகப் பார்க்கலாம். கண் சிவந்து வரும் பையனை முதல் பாடவேளையிலேயே வீட்டுக்கு அனுப்புவார்கள்; துண்டை யாருக்கும் தராதே, கண்ணைக் கசக்காதே என்று சொல்லி அனுப்புவார்கள். அதே வாரத்தில் ஆசிரியர் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வகுப்பெடுத்துக்கொண்டிருப்பார். அவர் வராவிட்டால் இரண்டு வகுப்பைச் சேர்த்து உட்காரவைக்க வேண்டும். பக்கத்து அறை ஆசிரியரின் முகம் வாடும். ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள் தற்செயல் விடுப்பைப் பிள்ளையின் காய்ச்சலுக்கும், மாமியாரின் கண் அறுவைச் சிகிச்சைக்கும், ஊர்த் திருவிழாவுக்கும் என்று ஒதுக்கிவைத்திருப்பார். தன் நோய்க்கென்று அதில் ஒரு நாளும் மிஞ்சியிருக்காது. நோயோடு வருவதைக் கடமையுணர்வு என்று மெச்சுகிறோம். நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் அறையில் அது தொற்றைக் கொண்டுவந்து கொடுப்பதும்கூட என்பதை யாரும் அவரிடம் சொல்வதில்லை.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் இருவரும் ஒன்றுபோலவே நடந்துகொள்கிறார்கள், அதுவும் தவறான வழியில். கேரளத்தில் 2019-இல் தொடங்கிய 'வாட்டர் பெல்' தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. மணி அடித்தால் எல்லாரும் தண்ணீர் குடிக்க வேண்டும். எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளை மூடியைத் திறந்து ஒரு வாய் நனைத்துவிட்டு மூடிவிடுகிறாள். நிறையக் குடித்தால் போக வேண்டிவரும். போவதென்றால் பையன்கள் முன்னால் விரலைத் தூக்கிக் காட்டி அனுமதி கேட்க வேண்டும். போன இடத்தில் தாழ்ப்பாள் சரியில்லை, வாளி இல்லை, மாதவிடாய் நாளென்றால் நாப்கினைப் போட இடமில்லை. ஆசிரியையும் அதே ஒரு வாய்தான். பெண் ஆசிரியர்களுக்கென்று தனிக் கழிப்பறை இருந்தாலும் பல பள்ளிகளில் அதன் சாவி தலைமையாசிரியர் அறையின் ஆணியில் தொங்குகிறது. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் முன்னால் போய் எடுக்க வேண்டும், திரும்ப மாட்ட வேண்டும். அடுத்தடுத்த பாடவேளையென்றால் அதற்கும் நேரமில்லை. பதின்மூன்று வயதுக்காரி அனுமதி கேட்கக் கூசுகிறாள், நாற்பத்தைந்து வயதுக்காரர் சாவி கேட்கக் கூசுகிறார். இருவரும் வீட்டுக்குப் போய்த்தான் போகிறார்கள். நீர்க்கடுப்பு வந்தால் இருவருக்கும் சீரகத் தண்ணீரும் இளநீரும்தான். சூடு என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது சிறுநீர்த் தொற்று என்றும், அடிக்கடி வந்தால் சிறுநீரகம்வரை ஏறக்கூடியது என்றும் அந்த ஆசிரியைக்குத் தெரியாமலில்லை, பாடமாகவே நடத்தியிருப்பார். தெரிந்தும் செய்ய வழியில்லாததை அறியாமை என்று சொல்ல முடியாது. சுகாதார விழிப்புணர்வுக் கூட்டங்கள் இந்த இடத்தைத் தொடுவதே இல்லை என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அந்தப் பள்ளிக்கு வேண்டியது இன்னொரு சுவரொட்டியல்ல; தாழ்ப்பாளும், தினமும் கழுவிவிட ஒழுங்கான சம்பளத்தில் ஓர் ஆளும்.

குரல் ஆசிரியருக்கே உரிய தொல்லை. அமெரிக்காவின் அயோவா, யூட்டா மாநிலங்களில் நடத்தி 2004-இல் வெளியான ஆய்வு ஒன்று, வாழ்நாளில் ஒருமுறையாவது குரல் பாதிக்கப்பட்டவர்கள் ஆசிரியர்களில் 57.7 சதவீதம், மற்றவர்களில் 28.8 சதவீதம் என்று கண்டது. அங்கே வகுப்பறையில் பிள்ளைகள் குறைவு. இங்கே கடகடக்கும் மின்விசிறி, தகரக் கூரையில் மழை, தட்டி மறைப்புக்கு அந்தப் பக்கம் வாய்ப்பாடு ஒப்பிக்கும் மூன்றாம் வகுப்பு. இத்தனைக்கும் மேலே எழும்பிப் பேச வேண்டும். தொண்டை கட்டினால் அதிமதுரம், பனங்கற்கண்டு, மிளகுப் பால். இதமாக இருக்கும், சரி. ஆனால் மூன்று வாரம் தாண்டியும் கரகரப்புப் போகவில்லை என்றால் காது மூக்குத் தொண்டை மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும். குரல்நாணில் முடிச்சு விழுந்திருந்தால் பேச்சுப் பயிற்சியும் ஓய்வும் வேண்டும். தச்சருக்கு உளி போல ஆசிரியருக்குக் குரல். அதைக் காக்கும் பயிற்சி எந்தப் பணியிடைப் பயிற்சி முகாமிலும் முதல் நாளே வரவேண்டிய பாடம்.

உடம்பைப் பற்றிப் பேசும் துணிவில் மாணவர்கள்தான் முன்னே போய்க்கொண்டிருக்கிறார்கள். 'பீரியட்ஸ்' என்று சாதாரணமாகச் சொல்லும் பத்தாம் வகுப்புப் பெண்களை இன்று பார்க்கலாம்; நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றி, அதற்கு மேல் கறுப்புப் பையில் போட்டு எடுத்துவருகிறவர் அவர்களின் ஆசிரியை. அறிவியல் புத்தகத்தில் இனப்பெருக்கப் பாடம் வரும்போது, "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று தாண்டிப்போகும் ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். மனநலத்திலும் இதே இடைவெளி. பிள்ளைகளிடம் 'ஸ்ட்ரெஸ்', 'டிப்ரஷன்' என்ற சொற்கள் இருக்கின்றன. சில நேரம் சோர்வுக்கும் அதையே சொல்கிறார்கள் என்றாலும், சொல்ல ஒரு சொல் இருப்பது பெரிய காரியம். தேர்வு முடிவு வரும் நாளில் 104 மருத்துவ உதவி எண்ணிலிருந்து ஆலோசகர்கள் அவர்களை அழைத்துப் பேசுகிறார்கள். அதே முடிவு வந்த மறுவாரம் தேர்ச்சி விகிதக் கூட்டத்தில் எழுந்து நின்று விளக்கம் சொன்ன ஆசிரியரை அழைத்துப் பேச யாருமில்லை. 2022 அக்டோபரில் வந்த 14416 மனநலத் தொலைபேசிச் சேவை இருபத்துநான்கு மணி நேரமும் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. அந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதிப்போடும் ஆசிரியர், தானும் அழைக்கலாம் என்று நினைத்துப்பார்ப்பதில்லை. 'மனசு சரியில்லை' என்று ஓர் ஆசிரியர் சொல்லிவிட்டால் ஊர் அதைப் பிள்ளைகளின் படிப்போடு முடிச்சுப்போடும் என்ற அச்சம் அவருக்கு. அந்த அச்சத்தில் நியாயம் உண்டு.

ஆசிரியரின் உடம்பு பொதுச்செய்தியானது எப்போது என்று யோசித்தால் எனக்கு நினைவுக்கு வருவது 2022 டிசம்பர் கடைசி. டி.பி.ஐ. என்றே மக்கள் சொல்லும் சென்னைக் கல்வி வளாகத்தில், சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு இடைநிலை ஆசிரியர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். மயங்கி விழுந்தவர்களை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். அப்போதுதான் அவர்களின் சோர்வு செய்தித்தாளுக்கு வந்தது.

அடுத்த மார்ச்சில் நீலகிரிப் பள்ளி ஒன்றில் மாணவிகள் சிலர் போட்டி போட்டுக்கொண்டு சத்து மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கியதில் ஒரு பிள்ளை இறந்துபோனாள். தலைமையாசிரியரும் ஆசிரியை ஒருவரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அந்தப் பிள்ளையின் சாவுக்கு எந்தச் சமாதானமும் கிடையாது; மாத்திரைப் பெட்டி பிள்ளைகள் கைக்கு எட்டியிருக்கவே கூடாது. அதோடு இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. பாடம், வருகைப்பதிவு, எமிஸ் என்னும் கல்வித் தகவல் தளத்தில் பதிவேற்றம், உயரம் எடை, காலை உணவைச் சுவைபார்த்துக் கையெழுத்து, இவற்றோடு மருந்தாளுநர் வேலையையும் சேர்த்து ஒருவரிடம் கொடுக்கும்போது அதற்கான பயிற்சியையும் நேரத்தையும் கொடுத்தோமா? மாணவரின் பாதுகாப்பு ஆசிரியரின் அயர்ச்சியோடு பிணைந்துதான் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப்பார்க்கும் திட்டம் எதுவும் இதற்கு விடையாகாது.

செய்யக்கூடியது பெரிய செலவும் அல்ல. 2021-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய, வீடு தேடிப்போகும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், வீடுகளில் பகலில் ஆளில்லாதவர்களை எட்டவில்லை என்று கண்டுதான் 2024-இல் தொழிற்கூடங்களுக்கும் போனது. பள்ளியும் வேலை செய்யும் இடம்தான். சத்துணவு அமைப்பாளர், சமையலர், தூய்மைப் பணியாளர் என்று ஆசிரியரைத் தவிரவும் அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளைப் பார்க்க வரும் மருத்துவக் குழு இரத்த அழுத்தக் கருவியோடுதான் வருகிறது. கடைசிப் பிள்ளையைப் பார்த்து முடித்ததும், வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டு நின்ற ஆசிரியரையும் அந்த நாற்காலியில் உட்காரச் சொல்ல ஓர் அரசாணை போதும். அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின் மூன்றையும் பார்த்து, சிவப்பு மாத்திரையை அங்கேயே கொடுத்துவிடலாம்.